அல்லிக் குளத்துப் பலகை

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? நான் சொல்லச் சொல்லச் சமையல்காரத் தம்பிதான் எழுதுகிறார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

வெள்ளையோ சிவப்போ, அல்லி எல்லாமே இங்கிலீஷில் வாட்டர் லில்லிதான். தாமரை மட்டும் லோட்டஸ். தோட்ட வேலையில் சேர்ந்த அன்று ஒரே முறை கேட்டது, மறக்கவில்லை. நேற்று சூப்பர்வைசர் அல்லிக் குளம், தாமரைக் குளம் இரண்டுக்கும் இங்கிலீஷில் எழுதிய புதுப் பெயர்ப்பலகை கொடுத்து, "பெரியவரே, படிக்கத் தெரியுமில்ல?" என்றார். "தெரியாமலா!" என்று சொல்லிவிட்டுக் குருட்டாம்போக்கில் நட்டுவிட்டேன்.

பலகைப் பக்கம் யார் நின்றாலும் ஓடிப்போய் மறைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒன்றாம் தேதி முதலாளி வருகிறார். பொய் தெரிந்தால் வேலை போச்சு.

சின்னவளை வாட்டர் லில்லி என்று இங்கிலீஷில் பெரிசாக எழுதச் சொல்லி உடனே அனுப்பு, பலகையோடு ஒத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டது. ஓரத்தில் உன் பெருவிரல் ரேகையும் வை. அதை எனக்குப் படிக்கத் தெரியும்.

உன் வீட்டுக்காரன்