ஐவிக்கு நான் நீட்டிய கை

புந்தோங், ஈப்போ
18.6.1978

அன்பு மகன் டொமினிக்குக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கருணையால் நானும் அப்பாவும் உன் தங்கை ஐவியும் சுகம், சண்டாக்கானில் நீயும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். காலரா நாடு நாடாகச் சுற்றி இங்கேயும் வந்துவிட்டது, ஐவியைக் காலரா வார்டுக்கு விடாதீர்கள், ஆஸ்பத்திரி மிஸ்ஸி வேலையே போனாலும் பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். நீ சொன்னபடி நான் செய்யவில்லை. கோபப்படாமல் முழுதும் படி.

எனக்கும் முதலில் அவளை அனுப்ப மனமில்லை. ஆனால் அவள் அழுதுகொண்டு வந்தது வார்டுக்குப் பயந்து இல்லை, தன்னை வார்டுக்குள் விடமாட்டார்களோ என்று பயந்து. இந்த நோயில் உடம்புத் தண்ணீரெல்லாம் போய் நரம்பு சுருங்கிவிடுமாம், உடனே ஊசி குத்தி டிரிப் ஏற்றாவிட்டால் ஆள் தங்காதாம். அதற்காக இளம் மிஸ்ஸிகளுக்குத் தனிப் பயிற்சி வைத்து, ஒருவர் கையில் ஒருவரைக் குத்திப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் இளங்கையில் யாரும் குத்தலாம், நரம்பு தெரியாத கையில் ஏற்றிக் காட்டுகிறவள்தான் உள்ளே போவாள் என்று பயிற்சி கொடுக்கும் சிஸ்டர் பெட்ரீசியா சொல்லிவிட்டாராம். அப்படிப்பட்ட கைக்கு எங்கே போவது? நம் வீட்டிலேயே இருக்கிறதே! என் ஆபரேஷனின்போது நரம்பு தேடித் தேடி டாக்டருக்கே வேர்த்துப்போனது உனக்கு ஞாபகம் இருக்கும்.

மறுநாளே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டி உட்கார்ந்தேன். ஐவி என் கையைக் கட்டித் தட்டிப் பார்த்தாள். குத்தினாள், தவறியது, மறுபடி குத்தினாள், வீங்கியது. வலிக்குதாம்மா என்று கண் கலங்கினாள். வலிக்கத்தான்லா செய்யும், என் மூஞ்சிய என்னா பாக்குற, கையப் பாருடி என்று ஒரு சத்தம் போட்டேன். பிறகு ஏறியது பார், மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியபோது எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. உடனே மற்றப் பிள்ளைகளும் ஆன்டி, எங்களுக்கும் ஆன்டி என்று சூழ்ந்துகொண்டார்கள். அன்று முழுதும் என் கைக்கு அப்படி ஒரு கிராக்கி.

கோலா கங்சாரில் நாம் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்து ராக்காயியை இரண்டு வாரத்துக்கு முன் லாரியில் போட்டு ஐவியின் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண் உள்ளே போய், நாடியே கிடைக்கவில்லையாம். ஐவிதான் டிரிப் ஏற்றினாள். குணமாகி ஊருக்குப் போகுமுன் ராக்காயி நம் வீட்டுக்கு வந்து, உம் மவ ஒரே குத்துல ஏத்திட்டாளாம்லா நவமணி என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு குத்துக்கு முன்னால் என் கையில் விழுந்தது எத்தனை என்று அவளுக்கு என்ன தெரியும்! சும்மா இருந்திருக்கலாம், ஆனால் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டேன். உன் அப்பாவோ கோப்பிக்கடையில் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

நீ வேண்டாமென்று எழுதியதை அவளிடம் நான் சொல்லவில்லை. அண்ணன் என்னா சொன்னிச்சு என்று தினமும் கேட்கிறாள். அவளுக்கு நல்லதாக நாலு வரி எழுது. நீயும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடி, கடை ஐஸைத் தொடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். என் கை நீலமெல்லாம் மறைந்துவிட்டது, நீ பார்க்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது. பரவாயில்லை, அடுத்த மாதம் புதுப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்களாம், சிஸ்டர் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
நவமணி சூசைநாதன்