என் பெயரில் ஓடும் உன் வண்டி

அக்கா,

போன வாரம் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது உன் குரல் கேட்டது. பயப்படாதே, பேயாக வரவில்லை, கைபேசியில் வந்தாய். கள்ளக்குறிச்சிக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்து நம்மைப் பேட்டி எடுத்தாளே, சாதாரண சனங்களின் வாழ்க்கையை அவரவர் வாயாலேயே சொல்லவைத்துக் காப்பகத்தில் சேர்க்கிறோம் என்றாளே, அவள்தான் அந்தப் பதிவை அனுப்பியிருந்தாள். கூடவே தட்டச்சு செய்த பிரதி. என் பேச்சுக்கு முன்னால் என் பெயர் இருக்கிறது. உன் பேச்சுக்கு முன்னால் 'அருகில் இருந்த பெண்' என்று இருக்கிறது. அவ்வளவு நீளப் பதிவில் நீ பேசியது ஒரே ஒரு தடவை. அதுவும் பொய்.

எனக்காகச் சொன்ன பொய்.

நாம் இருவரும் ஒரே சத்துணவுக் கூடத்தில் காலம் தள்ளியவர்கள். நான் அமைப்பாளர், நீ சமையல். ஊர் என்னை டீச்சர் என்றது. நான் பாடம் நடத்தியவள் இல்லை, முட்டைக்குக் கணக்கு எழுதியவள். நீ என்னைவிட மூத்தவள். கல்வராயன் மலையில் பிறந்து, கரும்பு வெட்ட இறங்கிய குடும்பத்தோடு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் வந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். நான் உன்னை அக்கா என்பேன், நீ என்னை டீச்சர் என்பாய். அக்கா என்று கூப்பிடுவதாலேயே நமக்குள் மேல் கீழ் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வசதியான நம்பிக்கை.

அதிகாரி ஆய்வுக்கு வருவது உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வருவார்.

"இன்னிக்குக் கீரையா?"

"கீரைதான் சார்" என்பேன். பிள்ளைகள் தின்றது பூசணிக்காய். அவர் உன் பக்கம் திரும்புவார்.

"ஆமாங்க சார். டீச்சரே சந்தைக்குப் போய் வாங்கியாந்தாங்க" என்பாய். சந்தைக்குப் போனது நீயாகச் சேர்த்த சரக்கு. அவர் வண்டி கிளம்பியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்தச் சிரிப்பை வைத்து நம்மைக் கூட்டாளிகள் என்று நினைத்தேன். மாட்டியிருந்தால் வேலை போயிருக்கக்கூடியது யாருக்கு என்று நான் யோசித்ததே இல்லை.

உன் வண்டிக் கதையை அந்த அடுப்படியில்தான் கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கும்போது சொல்வாய். உன் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார். சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்து, கரும்பை வெட்டி வண்டியில் ஏற்றியாகிவிட்டது. வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும். மாடு பூட்ட ஆள் இல்லை. நீ அவருடைய சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். ஆலை வாசலில் கரும்பு வண்டிகளின் நீண்ட வரிசையில் மாடுகளோடு மாடாகக் காத்துக் கிடந்தாய். எடைமேடையில் உன் வீட்டுக்காரர் பெயரைக் கூப்பிட்டபோது நீ குரல் கொடுக்க, மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது.

"ஆளு எங்கம்மா?" என்றாராம் எடை போடுகிறவர்.

"ஆளு வூட்ல படுத்துக்கினு கெடக்குது. கரும்பும் படுத்துக்கினு கெடக்கணுமா? எடையப் போடுங்க" என்றாயாம்.

எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது. உறவுக்காரர்களிடம் நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். இதை எனக்குச் சாதகமாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று இப்போது பார்க்கிறேன். முடியாது.

அந்தப் பெண் முதலில் உன்னைத் தேடித்தான் வந்தாள். "எனக்கு இன்னா கதை இருக்குது? டீச்சரு நல்லா பேசுவாங்க, வா" என்று நீயே அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்தாய். நான் 'முதலில் இவங்களைக் கேளும்மா' என்றிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல புடவை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நீ வாசல் பக்கம் மணிலாக்கொட்டையை உரித்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

பேசப் பேசத்தான் தெரிந்தது, என்னிடம் ஒன்றுமில்லை. படித்தேன், கட்டிக்கொடுத்தார்கள், வேலை கிடைத்தது. அந்தப் பெண் கொட்டாவியை அடக்கினாள், நான் பார்த்துவிட்டேன். கேள்விப்பட்டதைச் சொல்ல வேண்டாம், உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். இருந்தும், ஏதாவது ஒன்று சொல்ல வேண்டுமே என்று, "அந்தக் காலத்துல இங்க ஒரு பொம்பளை கரும்பு வண்டி ஓட்டிக்கினு போச்சு" என்று எடுத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நீங்களா?"

"ஆமா" என்றேன்.

ஒரே ஒரு 'ஆமா' அக்கா. அதற்குப் பிறகு அதைத் தாங்கிப்பிடிக்க எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். சட்டையை, துண்டை, மாட்டை, நீ எடைமேடையில் சொன்ன பதிலை. பயமாக இல்லையா என்று கேட்டாள். பயமா, எனக்கா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது. கேட்கச் சகிக்கவில்லை.

பிறகு அவள் வாசல் பக்கம் திரும்பி, "நீங்க அப்ப பாத்தீங்களா?" என்றாள். பதிவில் அந்த இடத்தில் கொட்டை உரிக்கிற சத்தம் நிற்கிறது. பிறகு உன் குரல்.

"பாத்தேம்மா. டீச்சருதான் ஓட்டிக்கினு போனாங்க."

மறுபடியும் கொட்டை உரிக்கிற சத்தம்.

அவள் போன பிறகு நீ உரித்ததில் பாதியை என் முறத்தில் கொட்டிவிட்டுப் போனாய். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன் கருமாதியில் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு போன்லகூட எங்கம்மா கொரலு இல்ல டீச்சர்" என்று அழுதாள். இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கூடவே அழுதுவிட்டு வந்தேன்.

போன வாரம் பதிவோடு வந்த செய்தி இது: கல்லூரியில் ஒரு கூட்டம் வைத்து, என் படத்தைப் போட்டு, அந்த வண்டிக் கதையை எல்லோரையும் கேட்கவைக்கப் போகிறார்களாம். பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். பிழை. மூன்று நாள் பதில் அனுப்பாமல் வைத்திருந்தேன். மகளுக்கு உன் குரலைக் கொடுத்தால் என் பொய்யையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உலகத்தில் இருக்கும் உன் ஒரே குரலையும் நானே வைத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். கதையை எடுத்தது போதாதா?

கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். உன் மகள் வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில் மதிய சாப்பாட்டு நேரத்தில் அவளைப் பிடித்து, எல்லாவற்றையும் சொல்லி, கைபேசியைக் கையில் கொடுத்தேன். உன் குரல் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"வண்டி ஓட்டினப்ப நான் எங்கம்மா வயித்துல ஆறு மாசம்" என்றாள். "உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை அக்கா. அல்லது சொல்லியிருப்பாய், நான் சிரிக்கிற இடங்களை மட்டும் கேட்டிருப்பேன்.

இரண்டு பேரும் கல்லூரிக்குப் போனோம். அந்தப் பெண் முகம் வாடினாலும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. காப்பகத்தில் எதையும் அழிப்பதில்லையாம். பழைய பதிவு அப்படியே இருக்கும், பக்கத்தில் புதிதாக ஒன்று சேர்க்கலாம், கேட்கிறவர்கள் இரண்டையும் கேட்கட்டும் என்றாள். ஆக, நான் பொய் சொன்னதும் அங்கே பத்திரமாக இருக்கும். உன் பெயரை முதலில் சொல்லி ஆரம்பித்தேன். மகள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நீ பயந்தாயா, வழியில் என்ன சாப்பிட்டாய், அந்த வயிற்றோடு எங்கே படுத்தாய் என்று கேள்விகள் வந்தன. எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்றே சொன்னேன்.

கடைசியில் அந்தப் பெண் கேட்டாள்: "அவங்க கதைய நீங்க சொன்னப்போ, அவங்க ஏன் மறுக்கல?"

பிரியம் என்று சொல்லத்தான் நினைத்து வந்திருந்தேன். பஸ்ஸில் அதற்கு அழகான வாக்கியம்கூடச் செய்து வைத்திருந்தேன். உன் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கீழ வேல பாத்துச்சும்மா" என்றேன். "நான் சொன்னத அது இல்லன்னு சொன்னதே கெடையாது."

உன் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பிரியமும் இருந்திருக்கலாம். அதை நீதான் சொல்லியிருக்க வேண்டும், உன்னைக் கேட்கத்தான் அந்தப் பெண் முதலில் வந்தாள்.