பந்தலுக்கு வந்த தார்ப்பாய்

என் உயிருக்குயிரான மாப்ளைக்கு,

இந்த மாமதுரை மண்டலத்தில் இதுவரை எவரும் நம்பாத, இனிமேலும் நம்பப்போகாத ஒரு கதையைச் சத்தியம் பண்ணிச் சொல்லப்போகிறேன். நீ போன இடத்தில் நாலு பேரிடம் சொல்லிப் பார், அங்கேயும் நம்ப மாட்டார்கள். "மச்சான் வாயத் தொறந்தாலே பொய்யி" என்று சிரிப்பாயே, அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எம்புட்டு நாளாச்சு!

கொட்டாம்பட்டியில் நீ குத்தகைக்கு உழுத வயலை ஊரே அறியும். எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். அறுத்த கையோடு பழங்காநத்தத்தில் இருக்கும் நிலத்துக்காரர் வீட்டுக்கு அவர் பங்கு மூட்டை போய்விடும். சேற்றில் நின்றது நீ. அரசாங்கத்துக்கு விவசாயி அவர். பட்டா அவர் பேரில் அல்லவா! மானியத்தில் வந்த மருந்து தெளிப்பான் அவர் மொட்டைமாடிக்குப் போனது. அதில் தண்ணீர் அடித்து அவர் வளர்த்த ரோஜாச்செடி தெற்குவாசல் வரைக்கும் படர்ந்து, கோபுரத்தில் ஏறி அங்கிருக்கும் பொம்மைகளுக்கெல்லாம் பூ வைத்தது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

தார்ப்பாயும் அப்படித்தான். நெல் நனையாமல் மூட வந்தது, அவர் காரை மூடியது. நீ ஒருதரம் விவசாய ஆபீசுக்குப் போய்க் கேட்டாய்.

"நிலம் யாரு பேருல இருக்கு?"

"உழுகிறது நாந்தான் சார்."

"உழுகிறதக் கேக்கலப்பா."

திரும்பி வந்து, "மச்சான், அடுத்த பிறவியில காராப் பொறந்துக்கிறேன்" என்றாய். விழுந்து விழுந்து சிரித்தோம். எதற்கு மாப்ள சிரித்தோம்?

பிறகு அந்தக் கோடை மழை. காயப்போட்ட நெல்லின் மேல் அது இறங்கியதும், என் தங்கச்சி செல்வியின் சேலைகளைப் பெட்டியோடு தூக்கிவந்து விரித்தாய். கலியாணச் சேலையையும் விடவில்லை. சேலை எம்புட்டு மழையைத் தாங்கும்? நனைந்த நெல்லை ஒரு கை அள்ளிப் பார்த்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே சாய்ந்துவிட்டாய்.

மறுநாளும் மழை விடவில்லை. உன்னைக் கிடத்தியிருந்த பந்தல் ஒழுகியது. நிலத்துக்காரர் காரில் வந்து இறங்கினார். பொய் சொல்லக்கூடாது, கண் கலங்கித்தான் நின்றார். டிக்கியைத் திறந்து தார்ப்பாயை எடுத்து, "இதக் கட்டுங்கப்பா, அவன் நனையக் கூடாது" என்றார்.

கட்டினோம். உன் தலைக்கு மேலே, 'விவசாயிகளுக்கு மானியத்தில்' என்று கொட்டை எழுத்து. செல்வி அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இப்பத்தான் வந்துச்சாண்ணே?"

ஓயாத இந்த வாய்க்கு ஒரு சொல் வரவில்லை.

உன்னைச் சுடுகாட்டில் விட்டுத் திரும்பியபின் அவர் தார்ப்பாயை மடிக்கப் போனார். அப்போது எங்கிருந்தோ வாய் திரும்பிவிட்டது. "அண்ணே, இழவுப் பந்தல்ல கட்டுனதக் காருக்குப் போடுவீகளா? மேலூரு தாண்டுறதுக்குள்ள எமன் டிக்கியில ஏறி உக்காந்துக்கிருவான். ஒருத்தர் இப்படித்தான் கொண்டுபோனாரு, காரு மட்டுந்தான் வீடு போய்ச் சேந்துச்சு!"

நம் பக்கம் அப்படி ஒரு வழக்கமே கிடையாது, அந்த நொடியில் நான் படைத்தது. மனிதர் அதை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் போன வேகத்தைக் கண்டு காளவாசல் சிக்னல் பயத்தில் பச்சையாகவே உறைந்துவிட்டதாகக் கேள்வி.

இப்போது அந்த வயலில் செல்வி நிற்கிறாள். போன வாரம் அறுப்பு முடிந்ததும் மழை வந்தது. நெல் நனையவில்லை மாப்ள. சேலைகள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் விதைநெல் கேட்டு ஆபீசுக்குப் போனவளிடமும் அதே கேள்விதான்: நிலம் யாரு பேருல இருக்கு?

பழங்காநத்தத்துக்கு நடையாய் நடந்தாவது அந்தக் குத்தகையை அவள் பேரில் எழுதி வாங்காமல் விட மாட்டேன். அதற்கு இன்னும் எத்தனை எமனைக் கூப்பிட வேண்டியிருந்தாலும் சரி.

ரோஜாவும் சிக்னலும் என் கைச்சரக்கு, நீ நம்பாதே. பந்தலை அண்ணாந்து பார்த்து செல்வி கேட்டாளே, அது மட்டும் நிஜம்.

அவளுக்கு இன்னும் பதில் சொல்லாத,
உன் மச்சான்