வரைபடத்தில் இல்லாத குளியலறை

மேலூர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

தாமரை எழுதுவது. நானும் நம் வாணியும் நலம். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் பேசாமல் நர்ஸம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது அல்லவா? கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

வாணி கணக்கில் எண்பது வாங்கியிருக்கிறாள், அப்பாவுக்கு முதல் வரியிலேயே எழுது என்றாள், மறந்துவிட்டேன். அண்ணன் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வாசலில் ஏழு படி. உங்கள் லாரி கவிழ்ந்த பிறகுதான் அந்தப் படிகளை முதன்முதலாக எண்ணினேன்.

அதனால்தான் வீடு பார்க்கிறேன். போன கடிதத்தில் விளாங்குடி வீடு ஒன்றைப் பற்றி எழுதினேனே, அதில் இப்போது சிக்கல். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வீட்டு வாசலில் படிக்குப் பதில் சாய்தளம். படுக்கையறையை ஒட்டி, அகலக் கதவு வைத்த குளியலறை, பிடித்துக்கொள்ளச் சுவரெல்லாம் கம்பி. வீட்டுக்காரர் பேச்சிமுத்து அண்ணன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நடக்க முடியாமல் போன தன் மனைவிக்காகக் கட்டியிருக்கிறார். அந்த அக்கா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. பரணில் கிடந்த அவருடைய சக்கர நாற்காலியை இறக்கித் தந்தார். நானே உட்கார்ந்து தள்ளிப் பார்த்தேன். உள்ளே போய் முழுதாகத் திரும்ப முடிந்தது. ஏனோ அங்கேயே அழுதுவிட்டேன். அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை பேங்க் இன்ஜினியர் வந்தார். மாநகராட்சி அனுமதித்த வரைபடத்தை விரித்து, "இதுல இந்த பாத்ரூமே இல்லையேம்மா" என்றார். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே காலியாக விட வேண்டிய இடத்தில் கட்டியிருக்கிறதாம். இடித்தால்தான் கடன் என்கிறார்.

புரோக்கர் மருதுவோ, "இந்தத் தெருவுல எந்த வீடுக்கா பிளான்படி இருக்கு? இப்ப இடிச்சிட்டு, லோன் வந்ததும் அதே எடத்துல கட்டிக்கங்க" என்கிறான். அது ஏமாற்று வேலையா, ஊரே செய்கிற காரியமா? நாளைக்கு யாராவது மனுப் போட்டு, நீங்கள் உள்ளே இருக்கும்போது கடப்பாரையோடு வந்து நின்றால்? என் அண்ணனோ, கே.கே. நகர் ஃபிளாட்டை எடு, பேப்பர் எல்லாம் பக்கா என்கிறார். பக்காதான். ஆனால் அங்கே பாத்ரூமுக்குள் நானே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். நீங்கள் நுழைய முடிகிற வீட்டுக்குப் பேப்பர் இல்லை, பேப்பர் இருக்கிற வீட்டுக்குள் நீங்கள் நுழைய முடியாது. முன்பென்றால் ரெண்டே வார்த்தையில் முடிவு சொல்லிவிட்டு டீ கேட்டிருப்பீர்கள்.

அனுமதி வாங்காமல் ஏன் கட்டினீர்கள் என்று பேச்சிமுத்து அண்ணனிடம் கேட்டே விட்டேன். "மனுக் குடுத்து, ஆபீசுக்கு அலைஞ்சு, உத்தரவு வாரதுக்குள்ள அவ எம்புட்டு நாளு தாயி படுக்கையிலயே கெடப்பா?" என்றார்.

நேற்று ஓர் இன்ஜினியரம்மா வேறு வழி சொன்னார். இப்போதுள்ள குளியலறையை இடித்துவிட்டுப் பின்னறையில் பாதியைத் தடுத்துக் குளியலறை ஆக்கினால் விதிக்கும் பழுதில்லை, முறையாக அனுமதியும் கேட்கலாமாம். பொண்டாட்டிக்குக் கட்டியதை இடியுங்கள் என்று அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இடிச்சுக்க தாயி. அந்தக் கம்பிகள மட்டும் தூக்கிப் போட்றாத, புதுசுல மாட்டிக்க" என்றார். இதில் நான் செய்வது சரியா தப்பா, இன்னும் தெரியவில்லை.

புது வரைபடத்துக்குக் கதவின் அளவு வேண்டுமாம். அதற்கு உங்கள் நாற்காலியின் அகலம் வேண்டும். வீடு பார்க்கத் தொடங்கியதிலிருந்தே இரண்டு கடிதத்தில் அதைக் கேட்டுவிட்டேன். நீங்கள் வேலூர் மழையைப் பற்றி எழுதினீர்கள். எனக்காக வீடு பார்க்காதே, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றும் எழுதினீர்கள். நாற்காலி என்ற சொல் மட்டும் வரவில்லை. அந்த அக்கா ஒல்லியாம், அவருடைய அளவு உங்களுக்குச் சரிப்படாது. நர்ஸம்மாவிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். கேட்க மாட்டேன். நீங்களே டேப் பிடித்து அளந்து, உங்கள் கையால் எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை மச்சான், அந்த ஒரு எண் போதும்.

அழகர் துணை இருப்பார்.

அளவுக்குக் காத்திருக்கும்,
தாமரை