ரிலீவர் வரவில்லை

ஜூன் 19, வியாழன்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பலா மரத்தடியில் ஒரு பழம் விழுந்து உடைந்து கிடக்கிறது, சுற்றிலும் ஈ. வீட்டு வேலைக்கு வரும் செல்வி வந்ததும் அள்ளச் சொல்ல வேண்டும்.

இவர் நைட் ஷிப்ட் முடித்து அப்படியே ஆஸ்பத்திரி மருந்து கவுண்டருக்குப் போய்விட்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே முகத்தில் தெரிந்துவிட்டது.

"வரலையாம்."

"எப்ப வருமாம்?"

"அவங்களுக்கே தெரியலையாம்."

எனக்குப் பார்க்கின்சன் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை. அது உள்ளே வேலை செய்யும்வரை நான் மனுஷி. நடப்பேன், சமைப்பேன், செல்வியைத் திட்டுவேன். தீர்ந்தால் கை நடுங்கும், கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், எழுத்துகூட எறும்பு எறும்பாகச் சிறுத்துவிடும். மூன்றுக்கும் இவர்தான் பெயர் வைத்தார். ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட். ஊரே சுரங்கத்து ஷிப்டில் ஓடுகிறது, நான் மட்டும் என்ன.

இருப்பது மூன்று அட்டை. மூன்றாவது முழுதாக இல்லை, மாதக் கடைசிவரை வராது.

முப்பதாம் தேதி இவருக்கு ரிட்டயர்மெண்ட். மேடையில் நானும் பக்கத்தில் உட்கார வேண்டும், மாலை போடுவார்கள். போன தடவை ஒரு கல்யாணத்தில் மண்டப வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னால் ஒரு குரல்: "அவரு பாவம். நல்ல மனுஷன், இப்படி ஒரு பொண்டாட்டி." திரும்பிப் பார்க்கக்கூடக் கழுத்து வரவில்லை.

முப்பதாம் தேதி ஒரு நாள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. என் காலில் நடந்து மேடை ஏற வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 21, சனி

மாலை ஒரு தூறல். மண் நனையக்கூட இல்லை, புழுக்கம்தான் மிச்சம்.

இவர் வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் பஜார், அப்புறம் வடலூர், எல்லாக் கடையும். வடலூர்க் கடைக்காரர் போனிலேயே என்னிடம் பேசினார். "கம்பெனிலேருந்தே வரலைங்கம்மா. நாங்களும் டெய்லி கேட்டுகினுதான் இருக்கோம். வந்தா மொத போன் உங்களுக்குத்தாங்க." நல்ல மனுஷர். ஆனால் எல்லோருக்கும் இதையேதான் சொல்லியிருப்பார்.

டாக்டரிடம் போனில் கேட்டார் இவர். திடீரென்று நிறுத்தக் கூடாதாம், வருகிறவரை குறைத்து ஓட்டச் சொன்னாராம். அதனால் இன்று முதல்: காலை அரை, மதியம் அரை, சாயங்காலம் அரை. ராத்திரிக்கு இல்லை.

காய் நறுக்கும் கத்தியில் வெட்டினோம். ஒன்று நேராக உடையவில்லை, தூளாகிவிட்டது. விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்டேன். இவர் பார்க்காத மாதிரி பேப்பரை மடித்தார்.

ஒரே ஒரு முழு மாத்திரை தனியாக. குங்குமச் சிமிழில், சாமி அலமாரியில். முப்பதாம் தேதிக்கு.

வாங்க: ரசப்பொடி, சோப்பு, ப்ளவுஸுக்கு டிச் பட்டன் (ஹூக் போட விரல் வராது).

ஜூன் 23, திங்கள்

சிரிப்பா அழுகையா. நேற்று வாசலில் இவர் மகளிடம் போனில், "அம்மாவுக்கு நைட் ஷிப்ட் கட் பண்ணிட்டோம்" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். இன்று பக்கத்து வீட்டம்மா வந்து ரகசியமாக, "ஏங்க, இந்த உடம்போட காண்ட்ராக்ட் வேலைக்கா போறீங்க?" ஆமாம், பெர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள் என்றேன். புரியாமல் போய்விட்டார்.

ஆனால் ராத்திரி பட்டதைச் சொல்ல வேண்டும். இவர் ஷிப்டுக்குப் போனபோது இடது பக்கம் படுத்தேன். காலையிலும் இடது பக்கம்தான். புரள முடியவில்லை. காது மடங்கி மரத்துப் போய்விட்டது. பாத்ரூம் வந்தது. எழுதப் பிடிக்கவில்லை.

விடிந்ததும் வருவார் என்று கேட் சத்தத்துக்குக் காத்திருந்தால், வரவில்லை. பால்காரர் போனார், ஸ்கூல் பஸ் போனது. வெயில் ஏறிய பிறகுதான் வண்டிச் சத்தம்.

"ரிலீவர் வரல. என்ன செய்யச் சொல்ற?"

மண் வெட்டும் பெரிய மெஷினில் இவர் ஆபரேட்டர். அடுத்த ஷிப்ட் ஆள்தான் ரிலீவர். அவர் வந்து சீட்டில் உட்காராமல் இவர் இறங்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கதை. பிரசவத்துக்கே அப்படித்தான் லேட்டாக வந்தார்.

"ராத்திரி பூரா ஒரே பக்கமா கெடந்தேன். எனக்கு யாரு ரிலீவர்?" கத்திவிட்டேன். கத்த வரவில்லை, குரல் உள்ளேயே நின்றது. அதுதான் ஆத்திரம்.

என்னைத் திருப்பினார். வெந்நீர் வைத்துத் துடைத்தார். படுக்கை விரிப்பைத் தானே அலசினார், செல்வி வருவதற்குள். அவர் கண்ணும் செருகிக்கொண்டுதான் இருந்தது. நான் கவனிக்க விரும்பவில்லை.

ஜூன் 26, வியாழன்

காற்று. கொடியில் காயப் போட்ட வெள்ளை வேட்டியில் கரித்தூள். திரும்பத் துவைக்க வேண்டும்.

மகள் ஓசூரில் ஒரு கடையில் இரண்டு அட்டை பிடித்துவிட்டாள். கூரியர் போட்டாயிற்றாம். சந்தோஷம். உடனே அடுத்த பேச்சு: "அம்மா, ஃபங்ஷனுக்கு வீல்சேர்ல வந்தா என்னம்மா?" போனை இவரிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளைக் குறை சொல்லி என்ன.

செல்வி புடவையை மடிப்பு வைத்துத் தைத்தே கொண்டுவந்துவிட்டாள். பாவாடை மாதிரி மாட்டிக்கொண்டால் போதும். "எங்க வளையமாதேவில ஒரு டைலர் அக்கா கீதுக்கா, சொன்னதும் சிரிச்சிகினே தெச்சிக் குடுத்திச்சி." மாட்டிப் பார்த்தேன். ஹாலில் இங்கிருந்து அங்கே நடந்து பழகினோம். செல்வி தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். கோட்டைத் தாண்டுவது போல் வைத்தால் கால் எழும்புகிறது. கோடு இல்லாத இடத்தில் எழும்பவில்லை. மேடையில் யார் கோடு போடுவார்கள்?

ஜூன் 28, சனி

கூரியர் கடலூரில். நேற்றும் கடலூரில்.

இவருக்கு இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். நல்லவேளை, ராத்திரி வீட்டில். கூப்பிடாமலே எழுந்து புரட்டிவிடுகிறார். பருப்பு, பால் எல்லாம் மாத்திரையோடு சேரக் கூடாது என்று எனக்கு மட்டும் தனி ரசம். உப்பு அதிகம். சொல்லவில்லை.

ரொம்பச் சோர்வு. உடம்பு அல்ல, இந்தக் கணக்கு. எதற்கு எழுந்திருக்கலாம், எதற்கு எழுந்திருக்க வேண்டாம் என்று நாள் முழுக்க.

ஜூன் 30, திங்கள்

இன்று. மூன்று மணிக்கு விழா. இரண்டுக்கு முழு மாத்திரை. வெறும் வயிறு.

எடுத்துப் போக: தண்ணீர் பாட்டில், கைக்குட்டை, சாக்பீஸ் (சும்மா).

இவர் கடைசி ஷிப்டுக்கு விடியுமுன்னே போய், மதியம் வந்துவிட்டார். சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். இன்றைக்கு ரிலீவர் முன்னாலேயே வந்து நின்றானாம், மாலையோடு.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

நடந்தேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன். மேடைப் படி மூன்றும் என் காலில் ஏறினேன். இவர் கை நீட்டினார், நான் பிடித்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபோது முன்வரிசையில் ஒருத்தி, "நல்லாத்தான இருக்காங்க" என்றாள். எனக்கு அந்த ஒரு வரி போதும்.

ஆனால் மாலை போட வேண்டிய அதிகாரி வரவில்லை. மீட்டிங்காம். நாலு மணி, ஐந்து மணி. மைக்கில் யார் யாரோ இவரைப் புகழ்ந்தார்கள். எனக்கு உள்ளே இறங்க ஆரம்பித்துவிட்டது. முதலில் கட்டைவிரல். பிறகு தாடை. அதிகாரி ஓடி வந்து மாலை போட்டு, ஷால் போர்த்தி, எல்லோரும் போட்டோவுக்கு எழுந்தபோது நான் எழவில்லை.

வெளியே ஜீப் நிற்கிறது, பூ கட்டி. மேளம், வெடி. ஆளை வீடுவரை ஊர்வலமாகக் கொண்டுபோய் விடுவதுதான் வழக்கம். கூட வேலை செய்யும் பையன்கள் மேடை ஏறிவிட்டார்கள். "அண்ணியச் சேரோட தூக்கிடலாம் சார், ஒரு நிமிஷம்." எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இவரைப் பார்த்தேன். கண் மட்டும்தான் அசைந்தது.

இவர் திரும்ப என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாலையோடு.

"நீங்க முன்னால போங்கப்பா. நாங்க வரோம்."

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"ரிலீவர் வரட்டும்."

ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு இவர் எழவில்லை என்று பார்த்துச் சிரிப்பு நின்றது. யாரோ இறங்கிப் போகும்போது 'பாவம்' என்றார். எனக்கா இவருக்கா, தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை வரவில்லை, இவர் ஷாலால் துடைத்துவிட்டார். புது ஷால், கண்ணில் உறுத்தியது.

சட்டைப் பையிலிருந்து பொட்டலம். சாயங்கால அரை. காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறார். நான் கடைசிவரை தாங்க மாட்டேன் என்று இவருக்கு முன்பே தெரியும்போல. தண்ணீர் தாடையில் வழிந்தது. காத்திருந்தோம். நாற்காலி அடுக்குகிறவர் எங்கள் இரண்டையும் விட்டு மற்றதையெல்லாம் அடுக்கிவிட்டார். லைட்டைப் பாதி அணைத்தார். இவர் அன்றைக்கு மெஷினில் என்னென்ன சத்தம் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கியபோது என் கால் விரல் அசைந்தது. சாக்பீஸை எடுத்து மேடையில் கோடு போட்டுக்கொண்டே இவர் பின்னோக்கி நடக்க, நான் தாண்டித் தாண்டி இறங்கினேன்.

ஆட்டோவில் வந்தோம். வாசலில் செல்வி ஆரத்தித் தட்டோடு. "ஜீப்பு வந்திச்சிக்கா, மேளம் வந்திச்சி, சாரத்தான் காணோம்! கற்பூரம் கரைஞ்சிகினே கீது, நான் யாருக்குச் சுத்தறது?" அப்போதுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

ஜூலை 2, புதன்

வானம் மூடிக்கொண்டு. மழை வராது.

கூரியர் வழியில் என்கிறது. வடலூரிலிருந்து போன் இல்லை. காலை அரை.

இவர் ஐந்து மணிக்கே எழுந்து குளித்துச் சட்டை போட்டுவிட்டு, பிறகு ஞாபகம் வந்து ஹாலில் உட்கார்ந்தார். ராத்திரி எத்தனை தடவை என்னைப் புரட்டினாரோ. கண் சிவந்து கிடக்கிறது.

"போய்ப் படுங்க. இனிமே என்ன ஷிப்ட்டு."

"உன்ன யாரு பாத்துக்கறது? எனக்குத்தான் ரிலீவர் இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். 

இப்போது மதியம். நாற்காலியிலேயே தூங்கிவிட்டார், வாய் திறந்து. செல்வி போய்விட்டாள். மாத்திரைக்கு நேரம் ஆகிவிட்டது. டப்பா அவர் பக்கத்து ஸ்டூலில். எட்டாது. கூப்பிட்டால் எழுந்துவிடுவார்.

எழுத்து சிறுத்துக்கொண்டே வருகிறது. கூப்பிடவில்லை. இவர் எழுந்திருக்கும்வரை இப்படியே உட்கார்ந்திருப்பேன்.