உன் தங்கையின் விடைத்தாள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் காகிதத்தைக் கையில் எடுத்தேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. என் முழங்கால் மழை நாளில் தனிக்கட்சி நடத்துகிறது, மற்ற நாளில் என்னோடு ஒத்துப்போகிறது. தங்கைக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வேலை அப்படியே போகிறது, ஷிப்ட் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ ஒன்பது சொல்வாய், நான் கொஞ்சம் அழுத்திப் பேசினால் லைன் சரியில்லை என்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

மூன்று மாதத்துக்கு முன்னால் பரண்மேல் போகிற தண்ணீர்க் குழாய் கசிந்தது. குழாய் பார்க்க வந்தவர் மேலே இருக்கிற சாமானை எல்லாம் இறக்கினால்தான் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டார், அவரும் நானுமாக இறக்கினோம், அப்பா கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். உன் காமிக்ஸ் பெட்டி ஆறும் வந்தது. நனைந்திருக்குமோ என்று பயந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசைப்படுத்தினேன், கந்தக நிலவு நாற்பத்தெட்டுப் பாகமும் ஒன்று விடாமல் இருந்தது. கந்தக நிலவு என்றால் ஏதோ சொறிக்குப் போடுகிற மருந்து என்று இத்தனை வருடம் நினைத்திருந்தவள் நான். கடைசிப் பாகத்தை மட்டும் தனியாகப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாய். அதற்குள் நாலாக மடித்த கோடு போட்ட தாள் ஒன்று இருந்தது. மேலே உன் கையெழுத்தில் உங்கள் காமிக்ஸ் ரசிகர் சங்கத்தின் பெயர் போட்டு நுழைவுத் தேர்வு என்று எழுதி அடியில் இரண்டு கோடு. கீழே பென்சிலில் உன் தங்கையின் பன்னிரண்டு வயதுக் கையெழுத்து. இருபது கேள்வி, தேறுவதற்குப் பதினைந்து வேண்டும், பெற்றது ஒன்பது, தேர்ச்சி பெறவில்லை, தலைவர் என்று போட்டு உன் கையொப்பம். அந்தக் கையொப்பத்தின் வால் ஒரு முழம் இருக்கிறது. பதினாறு வயதில் உனக்கு அவ்வளவு பெரிய வால்.

தேர்வுத் துறை ஆபீசில் நான் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தது எந்தப் பிரிவில் என்று உனக்குத் தெரியும். மறுமதிப்பீடு. யார் யார் பெற்ற பிள்ளைகளின் தாளையோ எடுத்து, திருத்தியவர் எங்கே அசந்தார், எங்கே அவசரப்பட்டார் என்று பார்த்துக்கொண்டிருந்த கண் இது. பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. நீ முதலில் பதினெட்டு இடத்தில் சரி போட்டிருக்கிறாய். அப்புறம் அதில் ஒன்பதின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்துத் தப்பாக்கியிருக்கிறாய். முதலில் இருந்த பேனாவும் பிறகு கோடு இழுத்த பேனாவும் வேறு. மொத்தம் போடுகிற இடத்திலும் பதினெட்டை அடித்துத்தான் ஒன்பது எழுதியிருக்கிறாய். அசந்து போய்ச் செய்த தப்பாக இருந்தால் நான் பேசாமல் மடித்து வைத்திருப்பேன், அந்த மாதிரித் தப்பு ஆயிரம் பார்த்தவள்.

ஆனாலும் ஒரு தாளைப் பாடம் தெரியாமல் திருத்தக் கூடாது, அது எங்கள் பிரிவின் முதல் விதி. அதனால் படிக்க உட்கார்ந்தேன். முதல் பாகம் படித்து முடிக்க நாலு நாள் ஆனது, எந்தக் கட்டத்துக்கு அப்புறம் எந்தக் கட்டம் என்றே பிடிபடவில்லை. ஐந்தாவது பாகத்துக்கு வந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. கதையில் வருகிற கப்பலின் எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறாளே மெக்கானிக், கப்பல் தலைவன் வீரவசனம் பேசிக்கொண்டிருக்க எல்லாரையும் காப்பாற்றிவிட்டு மூலையில் போய்க் கை கழுவுகிறவள், அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஆபீசில் அந்த மாதிரி நாலு பேர் இருந்தார்கள். உனக்கு அவளைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை பார்.

ஒன்பதாம் பாகத்தில் இருந்தபோது உன் தங்கையோடு அவள் நடத்துகிற கந்தக நிலவு ரசிகர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். நீ ஊரைவிட்டுப் போன பிறகு அவள் ஆரம்பித்தது, டிரைவிங் ஸ்கூலுக்கு மேல்மாடியில் ஒரு நீள ஹால். எனக்குப் பயம்தான், வாசலிலேயே நிறுத்தி எதையாவது கேட்டுவிடுவார்களோ என்று. ஒரு பஸ் கண்டக்டர் பெண் கையில் அட்டைக் கத்தியோடு கதவைத் திறந்து, எத்தனாவது பாகம் வரைக்கும் வந்திருக்கீங்கம்மா என்று கேட்டாள். ஒன்பது என்றேன். உடனே திரும்பி, அம்மா ஒன்பதுலதான் இருக்காங்க, யாரும் பன்னெண்டப் பத்தி வாயத் திறக்காதீங்க என்று சத்தம் போட்டாள். ஹாலே கப்சிப். ஒரு நர்ஸ் மட்டும் பழக்க தோஷத்தில் ஐயோ அந்த மெக்கானிக் என்று ஆரம்பிக்க, பக்கத்தில் இருந்த பெண் அவள் வாயைக் கையால் பொத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அறுபத்திரண்டு வயதுக்காரி கதையை அனுபவித்துப் படிக்கட்டும் என்று நாற்பது பேர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

நீ போனில் கேட்கும்போதெல்லாம் ஏதோ பொம்மை விளையாட்டு என்கிற மாதிரிக் கேட்கிறாய், அதனால் சொல்கிறேன். கதையில் வருகிறவர்கள் மாதிரி வேஷம் போடுகிறார்கள், தரையில் பாய் மாதிரி விரிக்கிற நுரை அட்டையை முடி காயவைக்கிற மெஷினால் சூடாக்கி வளைத்து வர்ணம் பூசினால் பார்ப்பவர்களுக்கு இரும்புக் கவசம்தான். நர்ஸ் பெண் டூட்டி முடித்துவிட்டுக் கதை எழுதுகிறாள், அந்த மெக்கானிக்கின் சின்ன வயதுக் கதை, மாதம் ஒரு அத்தியாயம், அடுத்தது எப்போது என்று நானே நச்சரிக்கிறேன். உன் தங்கை மிருகங்கள் வரைகிறாள். நாளெல்லாம் எலும்பைப் பார்க்கிறவள் இல்லையா, ஆறு கால் மிருகம் என்றாலும் அந்த ஆறாவது காலின் மூட்டு சரியாகத் திரும்பும். அதைக் கற்றுக்கொள்ள வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், ஆண்களும்தான். இவர்கள் நடத்துகிற காமிக்ஸ் திருவிழாவுக்குப் போன வருடம் இரண்டாயிரம் பேர், பொருட்காட்சி மண்டபத்தில் நிற்க இடமில்லை, மொத்தப் பொறுப்பும் இவள். கையில் ஒரு வாக்கிடாக்கி, முதுகில் கவசம், காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு. கல்யாணப் பேச்சை எடுத்தாலும் அந்தக் கவசத்தைத்தான் மாட்டிக்கொள்கிறாள், நிஜமாகவே மாட்டிக்கொள்கிறாள், அதனால் நான் எடுப்பதில்லை.

உன் பழைய சிநேகிதன், கண்ணாடி என்று நீங்கள் கூப்பிடுவீர்களே அவன், இப்போது தங்கையின் கூட்டத்தில்தான் சுற்றுகிறான். உங்கள் சங்கத்தில் கடைசியில் மூன்று பேர்தான் மிச்சம், யார் உண்மையான ரசிகன் என்று சண்டை போட்டே மற்றவர்களை விரட்டிவிட்டார்கள். திருவிழாவில் வண்டி நிறுத்துமிடம் இவன் பொறுப்பு. அவனைத் தனியாக உட்கார வைத்துத் தாளைக் காட்டினேன். மனுஷன் வெளுத்துப் போனான். அம்மா, அந்தக் கேள்வித்தாளக் குடுத்தா எங்க நாலு பேருல ஒருத்தனும் பாஸாகியிருக்க மாட்டான், அவ பதினெட்டு வாங்கினதும் எங்களுக்கு மானப் பிரச்சினையாப் போச்சு, ஒரு பொண்ணு வந்தா எல்லாப் பொண்ணும் வரும்னு நாங்க மூணு பேரும்தான் உங்க பையன்கிட்டக் கத்தினோம், அவன் அரை மணி நேரம் பேனாவக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தான் என்றான். அந்த அரை மணி நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவள் முகம் வீங்க அழுதுகொண்டு வந்தாள். ஆம்பளப் பசங்க விளையாட்டுல உனக்கென்னடி வேலை, போய் முகத்தக் கழுவு என்றேன். அவ்வளவுதான் கேட்டேன், அவ்வளவுதான் செய்தேன். மறுநாள் ஆபீசுக்குப் போய் முன்பின் தெரியாத பிள்ளைக்கு விட்டுப்போன மூன்று மதிப்பெண்ணைத் தேடிக் கொடுத்திருப்பேன். என் வீட்டுப் பிள்ளையின் தாளைக் கொண்டா பார்க்கலாம் என்று சொல்லத் தோன்றவில்லை. இது எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

நாற்பத்தெட்டும் முடித்து, கேள்விக்குக் கேள்வி புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு திருத்தினேன். நீ முதலில் போட்ட பதினெட்டு சரிதான். பதினேழாவது கேள்வியில் உன் விடையே தப்பு. தலைவனுக்குக் கப்பல் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அவன் அப்பா என்று வைத்திருக்கிறாய். அக்கா என்று எழுதியிருக்கிறாள் இவள். முப்பத்தொன்றாம் பாகத்தில் நாலு பக்கத்துக்கு வருகிறது அந்த அக்கா கதை, நீங்கள் சண்டை இல்லாத பாகம் என்று புரட்டித் தள்ளியிருப்பீர்கள். ஆறாவது கேள்வி அவள் எழுதியது தப்புதான், பெற்றவள் என்பதற்காக அரை மதிப்பெண்கூட நான் போடவில்லை. ஆக மொத்தம் பத்தொன்பது.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறைக்கு வரும்போது திருவிழா மேடையில் இந்த ஊரில் முதல் சங்கம் ஆரம்பித்தவன் என்று உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லித் தங்கையிடம் கேள் என்றாய். கேட்டேன். அவள் கவசத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. முன்வரிசைல யார் வேணா உக்காரலாம்மா, அண்ணனும் உக்காரட்டும், மேடைல இடம் இல்ல என்றாள். நான் தாளைப் பற்றி மூச்சுவிடாமல், சின்ன வயசுல ஏதோ டெஸ்ட் எழுதினியே ஞாபகம் இருக்கா என்று மெதுவாகக் கேட்டேன். பத்தொன்பதும்மா என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். ஆறாவது மட்டும்தான் தப்பு, அன்னைக்கே வீட்டுக்கு வந்து புக்க எடுத்துப் பாத்தேன் என்றாள். அண்ணனிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். அவனுக்கும் தெரியுமேம்மா, தெரிஞ்சவன்கிட்ட என்ன கேக்கறது என்று சொல்லிவிட்டு மறுபடி பிரஷ்ஷைத் தொட்டாள். இருபத்திரண்டு வருடம் அந்த மதிப்பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு அவள் உனக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்திருக்கிறாள், உன் கல்யாணத்தில் ஓடி ஓடி வேலை செய்திருக்கிறாள், விமான நிலையத்தில் உன் பெட்டியைத் தள்ளியிருக்கிறாள். உன்னோடு மட்டும் இந்தக் காமிக்ஸ் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பேசாமல் இருந்ததை நான் கவனித்ததும் இல்லை.

உன் மேல் கோபமா என்று கேட்டால், ஆமாம், மூன்று நாள் சரியான கோபம். அப்புறம் ஒன்று தோன்றியது. நீ இந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. எல்லாப் புத்தகத்தையும் சும்மா அடுக்கிவிட்டு இதற்கு மட்டும் உறை போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். உள்ளுக்குள் உறுத்தாதவன் அதைச் செய்ய மாட்டான், நான் பெற்றவன் எப்படி என்று எனக்குக் கொஞ்சமாவது தெரியும். அசலை இந்த உறையிலேயே அனுப்புகிறேன், நகல் என்னிடம் இருக்கிறது, நகல் எடுக்காமல் அசலை அனுப்புகிற ஆபீசிலா நான் வேலை பழகினேன். பச்சை மையில் என் மதிப்பீட்டைப் போட்டிருக்கிறேன். ஆனால் மறுமதிப்பீட்டில் முதலில் திருத்தியவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் மதிப்பெண் மாறும், எங்கள் பிரிவில் அப்படித்தான். அதற்கு இடம் விட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அவளுக்கே அனுப்பு, எனக்கு வேண்டாம். நாற்காலிக்காகப் போடாதே, நாற்காலி கிடைக்காது, அதை நானே சொல்லிவிடுகிறேன்.

இதை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று கேட்பாய். போன வாரம் நீதான் போனில் சொன்னாய், பேத்தி பள்ளிக்கூடத்துக் காமிக்ஸ் கிளப்புக்குப் போனபோது, நீ சும்மா படம் காட்ட வந்திருக்கே, ஒழுங்காப் படிச்சிருந்தா இதுக்குப் பதில் சொல்லு என்று பையன்கள் மடக்கினார்களாம், குழந்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். தலைமை ஆசிரியைக்கு இரண்டு பக்கம் எழுதினேன்மா, விடமாட்டேன் என்றாய். சரியாகச் செய்தாய், உன் அப்பாவிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன். உன் மகளுக்காக யாரோ ஒருத்திக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். என் மகளுக்காக உன் தங்கைக்கு இரண்டு வரி எழுது.

மூவரும் நீடூழி நன்றாக இருக்க வேண்டும். பேத்தியை உச்சி மோந்து நான் கொடுத்ததாக முத்தம் கொடு. தாளை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதே, அப்பா வருகிற தபாலை எல்லாம் பிரித்துவிடுவார். ஆஸ்பத்திரி விலாசத்தைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், எக்ஸ்ரே பிரிவு என்று மறக்காமல் போடு.

என்றும் உன் நலம் விரும்பும்,
அம்மா