நாற்காலி முனகும் இடம்

ஜூன் 7, ஞாயிறு

பழைய ஆம்ப்ளிஃபையர் இன்று காலை காலமானது. முதலில் புகை வந்தது. பிறகு வாடை வந்தது. பிறகு மனைவி வந்தாள். "அப்பாடா" என்றாள். இதனை இரங்கல் செய்தியாக ஏற்க இயலவில்லை.

புதிய செட்டை மைத்துனனிடம்தான் வாங்க வேண்டும் என்பது இந்த வீட்டில் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. அவன் நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு ஆடியோக் கடை திறந்திருக்கிறான். இதுவரை அங்கே அதிகம் விற்றது ரிமோட்டுக்குப் போடும் பேட்டரி. வாங்கச் சம்மதித்தேன், ஒரு நிபந்தனையுடன்: என் சோதனைப் பதிவுகளில் அவன் சரக்கு தேற வேண்டும்.

ஜூன் 9, செவ்வாய்

பட்டியலை மறுபரிசீலனை செய்தேன். கொள்கை பழையதே. மோசமாகப் பதிவான பாட்டைப் போட்டு ஒரு கருவியைச் சோதிப்பது, பொய்ச்சாட்சியை நம்பி நல்லவனை உள்ளே தள்ளுவதற்கு ஒப்பாகும். மிகவும் பிடித்த பாட்டும் உதவாது; பிடித்தவர்களை யாரும் ஒழுங்காகக் குறுக்கு விசாரணை செய்வதில்லை (ஆதாரம்: என் மணவாழ்க்கை). ஆகவே நான்கே பதிவுகள். ஒற்றைப் பியானோ ஒன்று, விரலை எடுத்த பின்பும் கம்பி எவ்வளவு நேரம் அதிர்கிறது என்று பார்க்க. வாத்தியமே இல்லாத ஆண்குரல் ஒன்று. ‘ச’ வருமிடமெல்லாம் பாம்பு சீறினால் ஸ்பீக்கர் தோற்றது. நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பாஸ் வயலின் ஒன்று. அதனுடன் ஜன்னல் கண்ணாடியும் சேர்ந்து பாடலாகாது.

நான்காவதுதான் என் தலைமைச் சாட்சி. ஒரு முதிய பாடகி, ஒற்றைக் கிதார், மரத்தளம் போட்ட கூடம், ஒரே மைக். இரண்டாம் சரணம் முடிந்து கிதார் ஓய்கிறது. அந்த மௌனத்தில் பாடகி மைக்கை நோக்கிச் சாய்கிறார். அவருடைய நாற்காலி மெல்ல முனகுகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக என் பழைய செட்டில் இது தவறாமல் கேட்டது. வேறெந்தக் கடையிலும் கேட்டதில்லை. ஒரு காரின் விலைக்கு வைத்திருந்த ஸ்பீக்கர் ஜோடியையும் இதே காரணத்துக்காக நிராகரித்தேன். கடைக்காரர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். மரியாதை என்றுதான் கருதினேன்.

எங்கள் இசைக் கேட்போர் வட்டத்துக்கு இப்பட்டியலை வழங்கியதிலிருந்து, உறுப்பினர்கள் அனைவர் வீட்டிலும் முனகல் கேட்கிறதாம். நான் நேரில் போகும் அன்று மட்டும் கேட்பதில்லை. அன்றைக்குக் கரண்ட் சரியில்லை என்கிறார்கள்.

ஜூன் 13, சனி

மைத்துனன் புதிய ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர்களுமாக வந்து இறங்கினான். வந்ததும் முதல் வேலையாக, நான் பாட்டுக் கேட்க உட்காரும் மரநாற்காலியைக் குறை சொன்னான்.

"அத்தான், இந்தச் சிம்மாசனத்தோட முதுகு உங்க தலைக்கு மேல ஒரு முழம் நிக்குது. சத்தம் அதுல பட்டுக் காதுக்கே திரும்பி வரும். தூக்குங்க மொதல்ல."

அதன் இடத்துக்கு சோபா நகர்ந்தது. கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி, முதுகுவலிக்காக உயரமான நாற்காலி தேடிக்கொண்டிருந்தார். நாற்காலியை அவரிடம் ஒப்படைத்தேன். "ஆயுள் தண்டனையா, ஜாமீனா?" என்று விசாரித்து வாங்கிக்கொண்டார்.

முதல் மூன்று பதிவுகளிலும் புதிய செட் முதல் வகுப்பில் தேறியது. மனம் நெகிழ்ந்தது என்றே எழுதலாம். நான்காவதைப் போட்டோம். இரண்டாம் சரணம் முடிந்தது. மௌனம். மூன்றாம் சரணம் தொடங்கிவிட்டது.

முனகல் இல்லை.

"எந்த முனகல் அத்தான்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"அதுதானப்பா என் குற்றச்சாட்டே."

ஜூன் 14, ஞாயிறு

ஒயரை மாற்றினான். ஸ்பீக்கரை முன்னே இழுத்தான், பின்னே தள்ளினான், திருப்பினான். திரைச்சீலையைக் கழற்றினான், மனைவி முறைத்ததும் மாட்டினான். பலனில்லை. கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இல்லாத சத்தத்துக்கு நான் என்ன செய்யட்டும்? நானே ஸ்பீக்கருக்குப் பின்னாடி நின்னு முனகவா?"

பரிசீலிக்கத் தக்க யோசனை என்று நான் சொல்லவில்லை. நினைத்தேன்.

ஜூன் 17, புதன்

வட்டத்தார் இருபத்தேழாம் தேதி மைத்துனன் கடைக்கு இதே ஸ்பீக்கரைக் கேட்க வருகிறார்கள். வட்டத்தின் தலைவரான பல் டாக்டர் தொலைபேசியில் சொன்னார்: "நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாங்க வாங்கிடுவோம்."

ஆக, அவன் கடையின் உயிர் என் ஒரு வார்த்தையில் தொங்குகிறது. மனைவிக்கும் இது தெரிந்துவிட்டது.

"முனகல் வரலைன்னு அங்க போய்ச் சொல்லிட்டு வராதீங்க. அவன் கடைய மூடிட்டு நடுத்தெருவுல நிப்பான்."

"கேட்காததைக் கேட்டதாக நான் எப்படிச் சொல்வது?"

"கோர்ட்டுல கூட இவ்வளவு உண்மை பேசினதில்லையே நீங்க!"

ஜூன் 18, வியாழன்

ஸ்பீக்கரைத் திரும்பப் பெறக் கோரி, முன்னெச்சரிக்கையாக ஒரு நோட்டீஸ் தயாரித்தேன். அனுப்பும் எண்ணம் அறுதியாக இல்லை. வரைவு மட்டுமே. அது மேசைமேல் இருந்தது, மனைவி படித்தாள்.

"என் தம்பிக்கா நோட்டீஸ்? இதுல ஒரு பேர் விட்டுப்போச்சே. அவன்கிட்ட வாங்கச் சொன்னது நான்தான. என்னையும் ரெண்டாம் பிரதிவாதியாச் சேத்துக்குங்க."

ஜூன் 19, வெள்ளி

ரெண்டாம் பிரதிவாதி பேசவில்லை. அவர் சார்பில் பாத்திரங்கள் வாதாடுகின்றன.

ஜூன் 20, சனி

இரண்டாம் கருத்து வேண்டி, நீதிபதியிடம் நான்காம் பதிவின் சி.டி.யைக் கொடுத்திருந்தேன். அவரிடம் இருப்பது குளிர்பதனப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன செட். மூடி நிற்காததால் ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். மாலையில் படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

"வக்கீல் சார்! முனகுது! சுத்தமா முனகுது!"

ரப்பர் பேண்ட் போட்ட செட்டில் கேட்கிறது. மைத்துனனின் உயர்ரகத்தில் கேட்கவில்லை. இனி என் வழக்கை யாரும் அசைக்க முடியாது. எனினும் பிறர் சொல்லக் கேட்டது சாட்சியமாகாது. நாளை நேரில் போய்க் கேட்ட பின்பே நோட்டீஸ்.

ஜூன் 21, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீதிபதி என் பழைய நாற்காலியில் வீற்றிருந்தார். பாட்டு ஓடியது. இரண்டாம் சரணம் முடிந்தது. அவருக்குக் காது சற்று மந்தம். எதையும் முன்னால் சாய்ந்துதான் கேட்பார். சாய்ந்தார். முனகியது! எனக்கு மெய்சிலிர்த்தது. "மறுபடி, ஐயா" என்றேன். மறுபடியும் முனகியது.

செட்டை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியை எடுக்க முன்னால் குனிந்தார்.

முனகியது.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் பின்னால் சாய்ந்தார். முன்னால் வந்தார். முனகியது.

"வக்கீல் சார், பாட்டு நின்னு போச்சே. இப்ப முனகினது யாரு?"

அய்யோ. அய்யய்யோ — இத்தனை வருஷமா! அந்தம்மா அசையவே இல்லை. அசைஞ்சது நான். அவங்க மூச்சைக் கேக்கணும்னு ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துல முன்னால சாஞ்சது நான்தான். கடைக்குக் கடை மெத்தை வச்ச சோபா போட்டிருந்தான் — எங்கேர்ந்து முனகும்? அந்தக் கார் விலை ஸ்பீக்கர்... வாசல்வரை வந்தாரே அந்த மனுஷன்...

நீதிபதி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்பளித்தார்: "மனு தள்ளுபடி. நாற்காலி என்கிட்டயே இருக்கட்டும், அது தடயம்."

ஜூன் 22, திங்கள்

நோட்டீஸைக் கிழித்தேன். மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தாள். "அதோட ஸ்க்ரூவ முடுக்குங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" சொன்னாளாம். என் குறிப்புகளில் அப்படியொன்றும் பதிவாகவில்லை.

மைத்துனன் சிரிக்கவில்லை. பதறினான்.

"அத்தான், சனிக்கிழமை வாயத் தொறந்துராதீங்க. முனகலே கிடையாதுன்னு நீங்க சொன்னா, இத்தன நாளா கேக்குதுன்னு சொன்னவங்க மானம் என்ன ஆகும்? அந்தக் கோவத்துல ஒருத்தரும் கடைப்பக்கம் வரமாட்டாங்க."

வாதத்தில் வலு இருக்கிறது. பொய் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் கேட்கப்படாத கேள்விக்குப் பதிலளிக்கும் கடமையும் எனக்கு இல்லை. யாரும் கேட்காமலிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜூன் 27, சனி

கேட்டார்கள்.

வட்டத்தார் வரிசையாக உட்கார்ந்திருக்க, நான்காம் பதிவு ஓடியது. இரண்டாம் சரணம் முடிந்தது. கண்ணை மூடியிருந்த பல் டாக்டர் ஒரு விரலை உயர்த்தினார்.

"ஆ! கேட்டீங்களா? என்ன துல்லியம்! அது தேக்கு நாற்காலின்னே சொல்லிடலாம் போல இருக்கே!"

தலைகள் எல்லாம் ஆடின. ஒருவர் "கால் பக்கம்தான் லேசா ஆடுது" என்று கூடுதல் விவரம் தந்தார். இந்த முனகலை நட்டு வைத்தவன் நான். அது இப்போது காய்த்துக் குலுங்குகிறது. சாட்சிக்கு நாமே பதிலை எடுத்துக்கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான்.

"வக்கீல் சார், உங்க தீர்ப்பு?"

மைத்துனன் கூரையைப் பார்த்தான். கூட வந்திருந்த மனைவி என்னைப் பார்த்தாள். எழுந்து நின்றேன்.

"எனக்கு முனகல் கேட்கவில்லை. இந்தப் பதிவில் முனகலே கிடையாது. நான் இதுவரை கேட்டது என் வீட்டு நாற்காலியை. தவறு என்னுடையது. ஸ்பீக்கர் அப்பழுக்கற்றது."

பல் டாக்டர் எழுந்து வந்து என் தோளில் கைவைத்தார்.

"வருத்தப்படாதீங்க சார். வயசானா சின்னச் சின்னச் சத்தமெல்லாம்தான் மொதல்ல போகும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

ஒரு காது மருத்துவரின் எண்ணை எழுதிக் கொடுத்தார். மற்றவர்கள் என்னைப் பார்க்காமல் ஆர்டர் கொடுத்தார்கள். ஒருவர்கூட வாங்காமல் போகவில்லை.

வாசலில் மைத்துனன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், இனிமே எப்பவும் உண்மையே பேசுங்க."

ஜூன் 29, திங்கள்

பட்டியல் பொறுப்பிலிருந்து வட்டம் என்னை ஒருமனதாக விடுவித்தது. முனகல் பொறுப்பில் நீடிக்கிறது.

ஜூலை 5, ஞாயிறு

காலையில் மனைவி தானாக வந்து சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்காம் பதிவைப் போட்டேன். எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை, பாட்டு முடிந்ததும் "என்ன கேட்டது?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். இரண்டாம் சரணம் முடிந்த இடத்தில் என் கையைத் தட்டினாள்.

"இங்கதான். மூச்சு இழுக்கறதுக்கு முன்னாடி அந்தம்மா லேசாச் சிரிக்கிறாங்க."

மறுபடி கேட்டேன். ஆம். வாய் திறக்காமல் மூக்கால் மட்டும் சிரிக்கும் சின்னச் சிரிப்பு. கிதார்க்காரர் எதிரே ஏதோ சேட்டை செய்திருக்க வேண்டும்.

இத்தனை ஆண்டுகளாக, முனகும் நாற்காலியோடு நான் அந்தச் சிரிப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வட்டத்தாருக்கு இதைச் சொல்வதாக இல்லை.